ஏரிக்கரையில் ஐந்து மணி நேரம்

பொறியியல் படித்த யாரிடமாவது, "சுற்றுச்சூழல் பாடத்துல ஃபீல்டு விசிட் போனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். சிலர் பஸ்ஸில் கிண்டி பூங்காவுக்குப் போய் வந்திருப்பார்கள். பலர் சீனியர் கொடுத்த ரிப்போர்ட்டில் பெயரையும் பதிவெண்ணையும் மாற்றி ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

ஆனால் இந்தக் களப்பணி சும்மா ஒப்புக்கு வந்த விஷயம் இல்லை. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாகக் கற்பிக்கவேண்டும் என்று சொன்னது. அது நடைமுறைக்கு வர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடமும், நீதிமன்றத்தின் மேலும் சில கண்டிப்புகளும் தேவைப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கான பாடநூலை எழுதியவர் புனேவைச் சேர்ந்த எராக் பரூச்சா. மொத்தம் 50 வகுப்பு. அதில் ஐந்து வகுப்பு நேரம் களப்பணிக்கு. 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கு. உள்ளூர் நீர்நிலை அல்லது காடு அல்லது குன்று ஒன்றைப் பார்த்துப் பதிவு செய்வது, மாசடைந்த ஓர் இடத்தைப் பார்ப்பது, சாதாரணச் செடி, பூச்சி, பறவைகளைக் கவனிப்பது, குளம், ஆறு மாதிரியான எளிய சூழல் அமைப்பை ஆராய்வது என்று நான்கு வேலைகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008, 2013 ஒழுங்குமுறைப் பாடத்திட்டங்களிலும் ஏறக்குறைய இதே வரிகளைப் பார்க்கலாம்.

ஐந்து மணி நேரம். கம்மிதான். ஆனால் அதை உருப்படியாகச் செலவழித்தால் என்னவெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதுதான் இங்கே பேச்சு.

என் வேலை மென்பொருள். சூழலியலில் பட்டம் எதுவும் கிடையாது. அம்பத்தூரில் குடியிருப்பதால் ஏரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்த ஆசிரியர்கள் கூப்பிட்டால் மாணவர்களோடு கரைக்குப் போய் வருகிறேன். ஆவடி, பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் திரும்பின இடமெல்லாம் கல்லூரி. அந்தக் கல்லூரிகளில் இருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்தில் செம்பரம்பாக்கம், பருத்திப்பட்டு, அயப்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள், நடுவில் கூவம். இவ்வளவு பெரிய ஆய்வுக்கூடத்தைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு, தண்ணீர் மாசு பற்றி பவர்பாயின்ட்டில் படம் காட்டுகிறோம்.

முதல் சிக்கல், போகிறவர்களிடம் கேள்வி இல்லை என்பது. "ஏரியைப் பார்த்து வருவோம்" என்பது சுற்றுலா. "ஏரிக்குள் தண்ணீர் நுழையும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்பது ஆய்வு. இந்த ஒரு கேள்விக்காகவாவது மாணவர்கள் ஏரியின் உடற்கூறைத் தெரிந்துகொள்ளவேண்டும்: வரத்துக் கால்வாய் எங்கே, மதகு எங்கே, கலங்கல் எங்கே. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் மாதவரம் இரட்டை ஏரிக்கு என்று தண்ணீர் படி இறங்கிப் போகும். மேலே ஓர் ஏரியில் கழிவுநீர் கலந்தால் அது அந்த ஏரியின் பிரச்சினையாக மட்டும் நிற்காது. வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்து, பென்சிலால் தண்ணீர் ஓடும் திசையை வரையச் சொன்னால் போதும். அம்பத்தூர் தொழிற்பேட்டை எங்கே இருக்கிறது, அதற்குக் கீழே எது இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். 1960களில் வந்த பேட்டை அது. ஏரி அதற்குப் பல தலைமுறை முந்தையது.

சரி, கேள்வி கிடைத்துவிட்டது. அடுத்து அளவு. இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஏனென்றால் தவறான அளவு, அளக்காமல் இருப்பதைவிட மோசம்.

கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், குளிப்பதற்கு உகந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 5 மில்லிகிராம் இருக்கவேண்டும். மீன் வளர்ப்புக்கு 4. கல்லூரி பஸ் காலை ஒன்பதரைக்குக் கிளம்பி, வழியில் டிபன் முடித்து, பதினொன்றரைக்குக் கரைக்கு வரும். அளந்து முடிக்கும்போது மதியம் ஒரு மணி. மீட்டர் 10 காட்டுகிறது என்று வையுங்கள். "ஏரி ரொம்ப ஆரோக்கியமா இருக்கு சார்!"

ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் காற்றிலிருந்து இயல்பாகக் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதற்கு மேலே இருக்கிறதென்றால் யாரோ உள்ளே ஆக்சிஜனைத் தயாரிக்கிறார்கள். அது பாசி. கழிவுநீரில் வரும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று கொழுத்த பாசி, வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து தண்ணீரை ஆக்சிஜனால் நிரப்பும். சூரியன் விழுந்ததும் அதே பாசியும் பாக்டீரியாவும் ராத்திரி முழுக்க மூச்சுவிட்டு அதைத் தீர்த்துவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு அதே இடத்தில் அளந்தால் 1-க்கும் கீழே போயிருக்கலாம். ஏரியில் மீன்கள் செத்து மிதப்பதை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் காலையில் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, மதியம் கிடைத்த அந்த 10, ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை. நோயின் அடையாளமாகவே இருக்கலாம்.

இதே ஏரியில் ஆகாயத்தாமரை மூடிய மூலையில் அளந்தால் கதை தலைகீழ். இலை வெளிச்சத்தை மறைப்பதால் கீழே பாசி வேலை செய்யாது, மதியத்திலும் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். ஒரே ஏரி, ஒரே நாள், இரண்டு எண். எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்தில் என்று எழுதாவிட்டால் இரண்டுமே குப்பைதான்.

மென்பொருள்காரனுக்கு இது உடனே புரியும். நேரமுத்திரை இல்லாத லாக் கோப்பை வைத்துக்கொண்டு எந்தப் பிழையையும் தேட முடியாது.

இது வெறும் மதிப்பெண் விஷயமும் இல்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்துப் பகுதி மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனார்கள். அந்த மாதிரி இடத்தில், "தண்ணீர் நாறுது ஐயா" என்பதைவிட, தேதி, நேரம், இடம், முறை எல்லாம் எழுதிய ஓர் அளவுக்கு மரியாதை அதிகம். அதே சமயம், மதியம் ஒரு மணிக்கு எடுத்த அந்த 10, "மாணவர்களே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று எதிர்த்தரப்பு கையிலும் போய்ச் சேரலாம். இருபது வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது கையில் இருக்கிற மீட்டரைப் பிடிக்கிற விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் இல்லாவிட்டால்? இன்னும் நல்லது. 1888-இல் ஹங்கேரியின் லாயோஷ் விங்க்ளர் கொடுத்த முறை இன்றும் எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. காற்றுக் குமிழி இல்லாமல் குப்பியில் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டால் வீழ்படிவு வரும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு. இல்லாவிட்டால் வெள்ளை. கால்வாய் வாயில் எடுத்த குப்பி வெள்ளையாகவும், திறந்த நீரில் எடுத்த குப்பி பழுப்பாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மீதி டைட்ரேஷனை ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு திரவத்தையும் கரையிலேயே விட்டாகவேண்டும். குப்பியை மூடி பஸ்ஸில் கொண்டுபோய் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால், உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் வழியெல்லாம் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே வரும். (காரக் கரைசல் கையைப் பொத்துவிடும், அதில் அசைடும் சேர்ப்பதால் நஞ்சு வேறு. அதை ஆசிரியர் கையாளட்டும், கையுறை, கண்ணாடியோடு.)

பி.ஓ.டி. பற்றி ஒரே ஒரு வார்த்தை. புத்தகத்தில் 20 டிகிரியில் ஐந்து நாள் என்று இருக்கும். நம் நாட்டில் ஆய்வகங்கள் 27 டிகிரியில் மூன்று நாள் முறையைப் பயன்படுத்துகின்றன, நம் வெப்பநிலைக்கு ஏற்ற மாதிரி. வெளிநாட்டு எண்ணோடு ஒப்பிடும்போது எது என்று பார்த்துக்கொள்ளவும்.

மாணவர்கள் தாங்களாகவே கொண்டுவரும் கருவி ஒன்று உண்டு: டி.டி.எஸ். பேனா. சென்னைப் புறநகரில் ஆர்.ஓ. மெஷின் வைத்த பாதி வீட்டில் இது இருக்கும். இது உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, ஒரு காரணியால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கிருமியோ ஆக்சிஜனோ அதற்குத் தெரியாது. ஆனாலும் ஏரிக்கரையில் இது வேஸ்ட் இல்லை. கரையோரமாக நடந்துகொண்டே ஐம்பது அடிக்கு ஒரு தடவை முக்கி எழுதினால், எங்கே திடீரென்று எண் ஏறுகிறதோ அங்கே ஏதோ ஒன்று உள்ளே வருகிறது என்று அர்த்தம். குழாய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

பேனா என்றதும் ஞாபகம் வருகிறது. மெஷின் விற்க வருகிறவர்கள் சிலர் இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மின்கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைப்பார்கள். குழாய்த் தண்ணீர் கன்னங்கரேல் பழுப்பாகும். அவர்கள் தண்ணீர் தெளிவாக நிற்கும். "பாத்தீங்களா மேடம், இதைத்தான் குடிக்கிறீங்க." அந்தப் பழுப்பு, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. குழாய்த் தண்ணீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் ஓடுகிறது, இரும்பு கரைகிறது. மற்றதில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடவில்லை. அந்தத் தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி வைக்கச் சொன்னால் அதுவும் கலங்கிவிடும். ஒப்பீட்டுச் சோதனை என்றால் என்ன என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இந்தச் சிட்டிகை உப்பு வேலை செய்கிறது.

இனி உயிர்கள். இதில் முக்கிய எதிரி நம் கண்.

1890களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளிகளை ஆராய்ந்த ராஸ்கோ பவுண்ட், பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள், எந்தச் செடி அதிகம், எது குறைவு என்று பார்வையிலேயே மதிப்பிட்டு வந்தார்கள். அப்புறம் சந்தேகம் வந்து ஐந்து மீட்டர் சதுரங்கள் போட்டு ஒவ்வொரு செடியாக எண்ணினார்கள். பார்வை சொன்னதும் எண்ணிக்கை சொன்னதும் ஒத்துவரவில்லை. உயரமாக, பளிச்சென்று பூத்து நிற்பது கண்ணை ஏமாற்றிவிடுகிறது. 1898-இல் அவர்கள் இதை எழுதினார்கள். குவாட்ரட் எனும் சதுர முறை தாவரவியலில் நிலைத்தது. (இந்த பவுண்ட் பின்னாளில் செடியை விட்டுவிட்டு ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவரானார். என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரு ஆறுதல்!)

அதே வேலையை ஏரிக்கரையில் செய்ய நான்கு பி.வி.சி. குழாய், நான்கு எல்போ போதும். ஒரு மீட்டர் சதுரம். அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். பிள்ளைகளிடம் விட்டால் செருப்பு நனையாத, முள் இல்லாத, ஏதோ ஒரு பூ இருக்கிற இடமாகப் பார்த்து வைப்பார்கள். முதுகுக்குப் பின்னால் தூக்கிப் போடுவதும் தற்செயல் இல்லை; எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பதை நாம்தானே முடிவு செய்கிறோம். கரையில் ஒரு டேப்பை நீட்டி, மொபைலில் சமவாய்ப்பு எண் எடுத்து, 37 வந்தால் 37-ஆவது மீட்டரில்தான் வைக்கவேண்டும். அங்கே சீமைக் கருவேலம் இருந்தாலும் சரி, குப்பை இருந்தாலும் சரி.

பெயரிலும் வில்லங்கம் உண்டு. ஆகாயத்தாமரை என்று நம் ஊரில் இரண்டு செடியைச் சொல்கிறார்கள்: ரோஜாப்பூ மாதிரி இலை அடுக்கோடு மிதப்பது ஒன்று; காம்பு வெங்காயம் மாதிரி உப்பி, ஊதாப் பூ பூப்பது இன்னொன்று. இரண்டாவதை வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள். அதனால் ஊர்ப்பெயரையும் எழுதிக்கொள்ளவேண்டும், ஒரு படமும் எடுத்துக்கொள்ளவேண்டும். பெயர் தெரியாவிட்டால் "செடி 1" என்று எழுதுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

பறவை எண்ணுவது இன்னும் சுவாரசியம். முக்குளிப்பான் என்று ஒரு சின்னப் பறவை, தண்ணீருக்குள் முங்கி வேறு எங்கேயோ எழும்பும். ஒரே கூட்டத்தை ஒருவன் பதினொன்று என்பான், பக்கத்தில் நிற்கிற பெண் பதினேழு என்பாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று தடவை எண்ணி மூன்றையும் எழுதச் சொல்வேன். சராசரியைவிட, அந்த மூன்றும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் பாடம். கூழைக்கடா மாதிரிப் பெரிய பறவையில் இந்தச் சிக்கல் கம்மி. எனவே "கூழைக்கடா முக்குளிப்பானைவிட அதிகம்" என்ற முடிவு, பாதி ஏரியைப் பற்றியும் பாதி நம் கண்ணைப் பற்றியும் சொல்கிறது.

சேற்றை ஒரு சல்லடையில் அலசிப் பார்த்தால் சிவப்புப் புழுக்கள் கிடைக்கலாம். மீன்தொட்டி வைத்திருக்கும் பையன் உடனே, "சார், இது பிளட் வோர்ம், கொளத்தூர்ல விக்கிறாங்க" என்பான். அதேதான். கொசு மாதிரியே இருந்து கடிக்காத ஒரு பூச்சியின் புழு. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால், மற்ற பூச்சிகள் மூச்சுமுட்டிச் சாகும் இடத்திலும் இது பிழைக்கும். ஒரு சல்லடையில் இது மட்டுமே இருந்து வேறு எதுவும் இல்லை என்றால், அந்த இடத்தின் கடந்த சில வாரங்கள் எப்படி இருந்தன என்று தெரிந்துவிடும். மீட்டர் அந்த நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். (சேற்றில் கை வைக்கிறவர்களுக்கு நீளமான ரப்பர் கையுறை கட்டாயம். உடைந்த பாட்டில், ஊசி, எலிக்காய்ச்சல் எல்லாம் கற்பனை இல்லை. தண்ணீருக்குள் யாரும் இறங்கக்கூடாது, நீச்சல் தெரிந்தாலும்.)

ஒரு தடவை எல்லாருடைய தாளையும் வாங்கிப் பார்த்தபோது, பல கட்டங்களில் வெறும் கோடு போட்டிருந்தது. "பறவையே இல்லையா, இல்ல நீங்க பாக்கலையா?" என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். டேட்டாபேஸில் சுழியமும் வெற்றிடமும் ஒன்றில்லை. தேடினேன், கிடைக்கவில்லை என்றால் 0. தேடவே இல்லை என்றால் காலி, பக்கத்தில் ஏன் என்று காரணம். இப்போது பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பேனா வேண்டாம், பென்சில். மை நனைந்தால் போச்சு. தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுது, ரப்பரால் அழிக்காதே. வீட்டுக்குப் போய் ஃபேர் காபி எழுதினாலும் அழுக்குத் தாளை நோட்டோடு சேர்த்துக் கொடு. மதிப்பெண் அழுக்குத் தாளுக்குத்தான் என்று ஆசிரியர் அறிவித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சீனியர் ரிப்போர்ட்டும் செல்லாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் ஜோசப் கிரினெல் என்பவர் 1914-இல் தொடங்கி யோசெமிட்டி மலைப்பகுதியின் விலங்குகளைப் பதிவு செய்தார். எந்த உயரத்தில் எந்தப் பொறியில் எது சிக்கியது, எதுவுமே சிக்காத இரவு எது என்பது உட்பட, அன்றன்றே எழுதிவைக்கும் பழக்கத்தைத் தன் ஆட்கள் எல்லாருக்கும் கட்டாயமாக்கினார். ஏறத்தாழ 90 வருடம் கழித்து அதே அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். அவர்கள் பார்த்த சிறு பாலூட்டிகளில் சுமார் பாதி, சராசரியாக 500 மீட்டர் மலைமேல் ஏறியிருந்தன. 2008-இல் வெளியான அந்த முடிவுக்குப் பழைய நோட்டுகள்தான் அடிப்படை. கிரினெல் 1939-லேயே இறந்துவிட்டார்.

கடைசியாக மனிதர்கள். ஏரியைப் பற்றி மீட்டரைவிட அதிகம் தெரிந்தவர்கள் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் நேராகப் போய், "ஐயா, இந்த ஏரி மாசடைஞ்சிருக்கா?" என்று கேட்பார்கள். அவரும் "ஆமாப்பா" என்பார். கேள்வியிலேயே பதில் இருக்கிறதே! அதற்குப் பதிலாக, முதலில் தாங்கள் யார், எதற்குக் கேட்கிறோம், விருப்பமில்லாவிட்டால் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டு, "இப்ப என்னென்ன மீன் கிடைக்குது? நீங்க சின்ன வயசுல இருந்தப்ப என்னென்ன கிடைச்சுது?" என்று கேட்கவேண்டும். பேர் பேராகச் சொல்லுவார். சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதவேண்டும். அவர் பெயர் வேண்டாம். வயது, எத்தனை வருடமாக இங்கே மீன் பிடிக்கிறார் என்பது போதும். சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: போகும்போது கையை வீசிக்கொண்டு போகாமல் அவருக்கும் ஒரு டீ வாங்கிப் போனால் நல்லது.

விடியற்காலை அளவு எப்படி எடுப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், பஸ் ஒன்பதரைக்குத்தானே. வகுப்பில் கை தூக்கச் சொன்னால் ஏரிக்குப் பத்து நிமிடத்தில் வீடு இருக்கிற இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரோடு, நடைமேடை உள்ள பக்கமாக, ஐந்தரைக்கு வந்து ஒரு அளவு எடுத்தால் போதும். மற்றவர்கள் மதியம் எடுப்பதோடு சேர்த்து ஒரே தாளில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஜனவரியில் செமஸ்டர் தொடங்குகிற கல்லூரிகளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை எல்லாம் ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். நேரம், இடம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அந்தச் செயலியே கேட்டு வாங்கிக்கொள்ளும். பார்த்த எல்லாப் பறவையையும் எழுதினாயா என்றும் கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். அதற்கு "ஆமாம்" என்று அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்லுங்கள். காகத்தை யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.